வரைபடத்தின் தெற்கு ஓரம்

நிறைமதி உருவாக்கிய போர் விளையாட்டில் டிராகன் கிடையாது. மந்திரவாதி கிடையாது. காது நீண்ட வில்லாளிகளும் கிடையாது. "அதெல்லாம் ஊரே மென்னு துப்பினது" என்பாள். ஒரே ஒரு டிராகன் வைக்கலாமே என்று கேட்ட பாவத்துக்காக, படம் வரைந்துகொண்டிருந்த தோழி பெனாசிருடன் மல்லுக்கு நின்றாள். கணினியை மூடிவைத்துவிட்டுப் போன பெனாசிர் திரும்பவே இல்லை.

நிறைமதி படைத்த நாட்டில் இரண்டு நிலா. மழை உப்பாகப் பெய்யும். வீரர்களுக்குப் பசிக்கும், புண் சீழ்வைக்கும், நடந்தால் காலில் கொப்புளம் வரும். அவ்வளவு இருந்தும், விளையாடிப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பாதியிலேயே எழுந்து போனார்கள். யாரும் முடிக்காத விளையாட்டை வெளியிட மாட்டோம் என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது.

மூன்று வருட உழைப்பைத் தூக்கிக்கொண்டு அஞ்சுகத்திடம் வந்தாள். அஞ்சுகம் அவளைவிட ஒரே ஒரு வயதுதான் மூத்தவள். விளையாட்டு அமைக்கும் வித்தையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள். வெளியே மழை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

"எதுல குறை, அக்கா? புதுசா இல்லையா? நிஜமா இல்லையா?"

"தள்ளு" என்று அஞ்சுகம் மவுஸை வாங்கிக்கொண்டாள்.

எதிரியின் கோட்டை வடக்கே இருந்தது. படையை அதை நோக்கி நடத்தினாள். போகப்போக ஒரு வீரன் நொண்டினான். அவனைத் தொட்டதும் பெயர் வந்தது: மருதையன். கொப்புளம். பசி. பயம்.

"ஐயோ பாவம்டி இவன்."

"பார்த்தீங்களா! வேற எந்த விளையாட்டுலயாவது இப்படி உண்டா? காட்டுங்க பார்க்கலாம்."

அஞ்சுகம் காட்டவில்லை. படையை அப்படியே திருப்பினாள்.

"என்ன பண்றீங்க? கோட்டை அந்தப் பக்கம்!"

"தெரியுது."

"திரும்பினா தோல்விக்கா!"

"ஆகட்டும். இவனால நடக்க முடியல. வீட்டுல கொண்டுபோய் விடறேன்."

நிறைமதி நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

படை தெற்கே போனது. மரங்கள் குறைந்தன. பிறகு புல்லும் இல்லை. வரைபடத்தின் விளிம்பில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். முன்னால் வெறும் கறுப்பு.

"ஏன் நிக்கிறாங்க?"

"அதுக்கு அப்பால ஒண்ணும் இல்லக்கா. படை இங்க இருந்துதான் கிளம்பும்."

"இவன் வீடு?"

"செய்யல."

"ஊரு?"

"யாரு திரும்பப் போறான்னு..." நிறைமதி நிறுத்திக்கொண்டாள்.

அஞ்சுகம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விளையாட வந்தவங்க எந்த இடத்துல எழுந்து போனாங்க?"

"இவங்க நொண்ட ஆரம்பிச்சதும்."

திரையில் 'தோல்வி' என்று எழுத்து விழுந்தது. அதற்குப் பின்னாலும் மருதையன் நொண்டும் காலால் இருட்டின்மேல் முட்டி முட்டி நடந்துகொண்டே இருந்தான்.

"இருந்தாலும் இது புதுசுதானேக்கா?" நிறைமதி விடவில்லை. "ஒரு டிராகன்கூட இல்லையே! அதுக்காக பெனாசிரையே..."

அஞ்சுகம் மவுஸை அவள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

"டிராகன் இருக்கிற விளையாட்டுலயும் எந்த வீரனுக்கும் வீடு இருக்காது, மேப்பு இங்கதான்டி முடியும்."