சமாதானக் கை

கடலோர ஊர் ஒன்றில் மாதா கோயிலை ஒட்டி ஒரு தொடக்கப் பள்ளி. அதில் மூன்றாம் வகுப்பு ஜெசிந்தா டீச்சருடையது. அந்த வகுப்பில் எந்தச் சண்டையும் அடுத்த மணி வரை நீடித்ததில்லை. யார் யாரை அடித்தாலும், கிள்ளினாலும், இரண்டு பேரும் வகுப்பில் வைத்திருந்த மாதா சுரூபத்துக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். அடித்த பிள்ளை “மன்னிச்சுக்கோ” என்று கை நீட்ட வேண்டும். அடிபட்ட பிள்ளை “மன்னிச்சாச்சு” என்று அந்தக் கையைப் பிடிக்க வேண்டும். வகுப்பு கைதட்டும். பாடம் தொடரும்.

இதற்குச் சமாதானக் கை என்று பெயர். கூடவே ஒரு விதியும் உண்டு. மன்னித்ததைத் திரும்பப் பேசக்கூடாது. பேசினால் மன்னித்தது பொய்யாகிவிடும் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஊர் இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பங்குச்சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கம் செய்தார். பல வருஷமாய் முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் தம்பிகள் எல்லாம் உருக்கமாகக் கேட்டுவிட்டு, வெளியே வந்து வழக்கம் போல ஆளுக்கொரு பக்கமாக நடையைக் கட்டினார்கள்.

ஜெசிந்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. பாவம், கெட்ட மனுஷி இல்லை. பிள்ளைகள் நல்லவர்களாக வளர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டார். சீக்கிரம் வளர வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். அதுதான் வினையாகப் போனது.

தலைமை ஆசிரியை சிஸ்டர் எமரென்சியா மட்டும் அந்த முறையைப் பாராட்டவில்லை, தடுக்கவும் இல்லை. ஜெசிந்தாவை விட வயதில் இளையவர்தான். ஆனாலும் மனசில் ஒன்று உறுத்தினால் ஜெசிந்தா போய் நிற்பது அவர் முன்னால்தான். அவர் பதிலை நேராகச் சொல்ல மாட்டார், ஏதாவது செய்து காட்டுவார். ஜெசிந்தா வீட்டுக்குப் போய் அதையே யோசித்துக்கொண்டிருப்பார்.

“சமாதானக் கையைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலையே சிஸ்டர்?” என்று ஒரு நாள் கேட்டார்.

“பிள்ளைங்க ரொம்பச் சீக்கிரம் முடிச்சுடுறாங்க டீச்சர்.”

“நல்லதுதானே சிஸ்டர்?”

சிஸ்டர் பேசாமல் இருந்தார். ஜெசிந்தா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வகுப்பில் ரெக்சன் என்று ஒரு பையன் இருந்தான். அவன் கை சும்மா இருக்காது. அவனுக்கு முன் பெஞ்சில் ஜோவிட்டா. அவள் வாயைத் திறக்கவே யோசிக்கிற பிள்ளை. அவன் சடையைப் பிடித்து இழுப்பான், முதுகில் குத்துவான், காதோடு சேர்த்து அறைவான். அவள் எழுந்து, “டீச்சர், ரெக்சன் என்னைய...” என்று தொடங்குவாள். தொடங்கியதை ஒரு நாளும் அவள் முடித்ததில்லை. அதற்குள் ஜெசிந்தா, “ரெக்சன், வா. சமாதானம்” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருப்பார்.

போகப் போக ஜோவிட்டா எழுந்து நிற்பதையும் விட்டுவிட்டாள். ரெக்சன் அடித்த கையை அப்படியே நீட்டுவான். அவள் பிடித்துக்கொள்வாள். டீச்சரே தேவைப்படவில்லை. அதைப் பார்த்து ஜெசிந்தாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பிறகு, கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க ஆரம்பித்தாள் ஜோவிட்டா. கவனமே இல்லை என்று ஜெசிந்தா அவளை எழுப்பி நிற்க வைத்தார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அதற்கும் திட்டு வாங்கினாள்.

ஒரு திங்கட்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சலில் வலிப்பு வந்து டவுன் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். ஜெசிந்தா பள்ளி விட்டதும் பஸ் பிடித்து ஓடினார்.

வார்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. தலையைச் சுற்றிக் கட்டு. அவள் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“காதுல சீழ் வச்சு, அது தலைக்குள்ள ஏறிட்டுன்னு சொல்லுதாவ டீச்சர். உயிருக்கு இனிப் பயம் இல்லையாம். அந்தக் காது கேக்காதாம்.”

“எப்படிம்மா ஆச்சு?”

“அந்த ரெக்சன் பய அறைஞ்சிருக்கான். காது ஜவ்வு கிழிஞ்சு போச்சு. அதுக்கு மேலயும் அறைஞ்சிருக்கான்.”

“வீட்டுல சொல்லலையா அவ?”

“நாங்க கேக்காமலா இருந்தோம்? காதப் பொத்திக்கிட்டே கெடந்தா. என்ன பிள்ளன்னு கேட்டா, அது மன்னிச்சாச்சும்மா, திரும்பச் சொல்லக்கூடாதுங்கா. யார மன்னிச்சா, என்னத்த மன்னிச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? காச்சல்ல பினாத்தும்போதுதான் எல்லாம் வெளிய வந்துச்சு.”

அவள் திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் ஜெசிந்தா தாங்கியிருப்பார்.

பேச்சுச் சத்தத்தில் ஜோவிட்டா கண் விழித்தாள். டீச்சர் நிற்பதைப் பார்த்தாள். ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய கையை மெல்லத் தூக்கி நீட்டினாள்.

“மன்னிச்சாச்சு டீச்சர்.”

ஜெசிந்தா இன்னும் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை. அந்தக் கையைப் பிடிக்கவும் முடியாமல், பிடிக்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார்.

மறுநாள் வகுப்பில் ஜெசிந்தா கூப்பிடாமலே ரெக்சன் மேசைப் பக்கம் வந்தான். கன்னத்தில் விரல் பதிந்த தடம் இருந்தது.

“எங்கப்பா என்னையப் போட்டு அடிச்சுட்டாங்க டீச்சர். ஜோவிட்டா என்னாலதான் ஆஸ்பத்திரில கெடக்காளாம்.”

ஜெசிந்தா அவனைப் பார்த்தார்.

“நாங்கதான் சமாதானம் ஆயிட்டோமே டீச்சர். அப்புறம் எப்படி அவளுக்கு வலிக்கும்?”

அவன் நடிக்கவில்லை. தெரியாத கணக்கைக் கேட்பது போலத்தான் கேட்டான். ஒரு பிள்ளைதான் ஆஸ்பத்திரியில் கிடக்கிறது, கெட்டுப்போனது இரண்டு பிள்ளைகள் என்று அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது.

சாயங்கால மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு சிஸ்டரைத் தேடிப் போனார். சிஸ்டர் ஒன்றாம் வகுப்பில் பெஞ்சுகளை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், நான் ஒரு பெரிய தப்பு...”

“மன்னிச்சாச்சு டீச்சர்.”

சிஸ்டர் கை நீட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் ஜெசிந்தா அதைப் பிடித்தார். சிஸ்டர் கையை விடுவித்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

“நான் இன்னும் சொல்லவே இல்லையே சிஸ்டர்.”

“அதான் மன்னிச்சாச்சே.”

“ஆஸ்பத்திரில அந்தப் பிள்ளை காது...”

“மன்னிச்சதைத் திரும்பப் பேசக்கூடாது.”

ஜெசிந்தாவுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. சாமியார், சிஸ்டர் யார் முன்னாலும் குரலை உயர்த்தியறியாத மனுஷி, அன்றைக்கு உயர்த்தினார்.

“என்ன பேசுறீங்க நீங்க? நெஞ்சு வெடிச்சுப் போய் வந்து நிக்கிறேன். நான் என்ன செஞ்சேன்னுகூடக் கேக்காம, மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சுன்னா? எனக்குக் கழுத்தைப் பிடிச்சு நெரிக்கிற மாதிரி...”

சொல்லி முடிக்கவில்லை. “டீச்சர், ரெக்சன் என்னைய...” என்ற குரல் காதில் கேட்டது. பக்கத்தில் இருந்த குட்டி பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சிஸ்டர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அவர் கண்களும் சிவந்துதான் இருந்தன.

அழுகை அடங்க நேரமாயிற்று. வெளியே காவலாளி கதவைச் சாத்த வந்து எட்டிப் பார்த்தார். சிஸ்டர் கையைக் காட்டி அவரைப் போகச் சொன்னார்.

“நானும் பாத்துக்கிட்டே நின்னவதான் டீச்சர். அதை நான் சொல்ற நேரம் பெறகு வரும். இப்ப நீங்க சொல்லுங்க. ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க.”

ஜெசிந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எல்லாத்தையும் சொன்னா மன்னிப்பீங்களா சிஸ்டர்?”

“தெரியாது டீச்சர். இன்னும் நான் கேக்கலையே.”