ஓர் அகப்பைக் கஞ்சி

தூது செல்வோருக்கென்று ஒரு கல்விக்கூடம் இருந்தது. மலைச்சரிவில், எந்த அரசுக்கும் சொந்தமில்லாத நிலத்தில். உலகம்மை என்பவர் அதை நடத்தினார். பல அரசவைகளுக்குத் தூது போய் வந்தவர். பல நாட்டுப் பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம். அவ்வப்போது அவை கூடும். குடத்துக்குள் நாடுகளின் பெயர் எழுதிய ஓலைகளைப் போட்டுக் குலுக்குவார்கள். கையில் எந்த நாடு வருகிறதோ அதற்காகப் பேச வேண்டும். சொந்த நாடு வந்தால் ஓலையைத் திரும்பப் போட்டுவிட வேண்டும்.

அந்த முறை அவர்கள் எடுத்துக்கொண்டது நிஜமாகவே நடந்துகொண்டிருந்த ஒரு முற்றுகை. தாழைக்கோட்டை என்ற ஊரை வடநாட்டுப் படை பல மாதங்களாக வளைத்து நின்றது. உள்ளே தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. உணவு வண்டிகளை உள்ளே விடலாமா, கூடாதா என்பது கேள்வி.

சேந்தன் என்ற மாணவனுக்கு வடநாடு வந்தது.

"விடக் கூடாது," என்று அவன் தொடங்கினான். "உள்ளே போகிற அரிசி குழந்தையின் வயிற்றுக்கு மட்டும் போகாது. மதில்மேல் நிற்கும் வில்லாளியின் வயிற்றுக்கும் போகும். அவன் இன்னும் சில காலம் நிற்பான். போர் நீளும். இன்று பசியால் சாகிறவர்களைவிட அந்தப் போரில் அதிகம் பேர் சாவார்கள். உண்மையான இரக்கம் உள்ளவன் வண்டியை நிறுத்துவான்."

எதிர்த்துப் பேச எழுந்த பெண் பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவை கலைந்த பிறகு உலகம்மை அவனிடம் வந்தார்.

"இதை நீ நம்புகிறாயா?"

"இல்லை அம்மை. ஓலையில் வந்தது. எதிர்ப்பக்கம் வந்திருந்தால் அதற்கும் இதே அளவு பேசியிருப்பேன்."

"நல்லது. அது தேவைப்படும். அடிவாரத்தில் தானிய வண்டிகள் காத்திருக்கின்றன. என்னோடு வா."

"எங்கே அம்மை?"

"தாழைக்கோட்டைக்கு."

முற்றுகைப் படையின் தலைவர் பெயர் விடங்கர். நரைத்த மனிதர். உலகம்மையை எழுந்து நின்று வரவேற்றார். இருவருக்கும் மோர் கொடுத்தார். வண்டிகள் எதற்கு என்று கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அம்மா, உள்ளே போகிற அரிசி குழந்தைக்கு மட்டும் போகாது. மதில்மேல் இருக்கிறவனுக்கும் போகும். போர் நீளும். சாவு கூடும். நான் கல்நெஞ்சன் இல்லை. சீக்கிரம் முடியட்டும் என்றுதான் நிறுத்தி வைத்திருக்கிறேன்."

சேந்தன் நிமிர்ந்து பார்த்தான். அது அவன் அவையில் பேசிய பேச்சு.

"பதில் சொல்," என்றார் உலகம்மை.

அவன் பேசினான். போரில் கலக்காதவர்களின் உரிமையைச் சொன்னான். பழைய அரசர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகளைச் சொன்னான். பசியை ஆயுதமாக எடுத்த படைகளுக்குப் பின்னால் வந்த பழியைச் சொன்னான். கூடாரத்துக்கு வெளியே நின்ற வீரர்கள்கூட நெருங்கி வந்து கேட்டார்கள்.

விடங்கர் கடைசிவரை கேட்டார்.

"பையன் அருமையாகப் பேசுகிறான். ஆனால் வண்டி போகாது."

சேந்தன் ஆசிரியரைப் பார்த்தான். அவர் வேறொன்று கேட்டார்.

"உங்கள் ஆட்கள் சிலர் உள்ளே பிடிபட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்."

விடங்கரின் முகம் மாறியது. "பிடிபட்டார்கள். இந்நேரம் இருக்க மாட்டார்கள். சொந்தப் பிள்ளைக்கே கஞ்சி இல்லாத ஊர், எதிரிக்கா ஊற்றும்? அவர்கள் வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்."

"பார்த்துவிட்டு வந்து சொல்லட்டுமா?"

விடங்கர் எழுந்து வெளியே வந்தார். பிறகு வழிவிடச் சொன்னார்.

கோட்டைக்கு உள்ளே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. ஒரு காக்கைகூட இல்லை. முருங்கை மரங்களில் இலை இல்லை, பட்டையும் இல்லை. வீட்டு வாசல்களில் இருந்தவர்கள் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தார்கள்.

கோயில் முன்னால் ஓர் அண்டா அடுப்பில் இருந்தது. அதன் முன் ஊரே வரிசையில் நின்றது. அத்தனை பேர் நின்ற இடத்தில் சத்தமே இல்லை. அகப்பை அண்டாவில் படுகிற ஓசை மட்டும் கேட்டது. ஊர்த்தலைவர் அழகண்ணன் தம் கையால் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஓர் அகப்பை. தண்ணீர் போன்ற கஞ்சி.

வரிசையின் நடுவில் வடநாட்டுப் படை உடுப்போடு சிலர் நின்றார்கள். உடுப்பு அவர்கள் தோளில் தொங்கியது. ஒருவன் காலில் விலங்கு இருந்தது. அவனுக்கு முன்னால் ஒரு கர்ப்பிணி. பின்னால் ஒரு சிறுமி.

அவன் முறை வந்தது. அழகண்ணன் அகப்பையை அண்டாவில் விட்டு, பருக்கையும் வரும்படி அடிவரை கலக்கி, எடுத்து ஊற்றினார். கர்ப்பிணிக்கும் அப்படித்தான் கலக்கி ஊற்றியிருந்தார்.

சேந்தன் வரிசைக்கு வெளியே நின்று பார்த்தான்.

"நீங்களும் வரிசையில் நில்லுங்கள்," என்றார் உலகம்மை. எப்போதும் அவனை நீ என்பவர், அன்று யாரோ புதியவரிடம் பேசுவதுபோல மரியாதையாகச் சொன்னார். அவனும் நின்றான். அவனுக்கும் ஓர் அகப்பை கிடைத்தது. குடித்து முடித்தபோது பசி கூடியிருந்தது.

அண்டா காலியான பிறகு அவன் அழகண்ணனிடம் போனான்.

"ஐயா, இவர்களுக்கு ஏன் கொடுக்கிறீர்கள்?"

"கொடுக்க வேண்டாம் என்றுதான் ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தோம்."

"பிறகு?"

"நன்றாகவே பேசி முடிவு செய்தோம். இவர்களுக்கு ஊற்றுகிற கஞ்சி நம் பிள்ளைகளுடையது. இவர்கள் செத்தால் நம்மவர்கள் சிலர் பிழைப்பார்கள். கொடுக்க வேண்டும் என்றவர்களுக்கு வாயடைத்துப் போனது."

"அப்படிப் பேசியது யார்?"

"நான்தான். இவர்கள் விட்ட அம்பில் என் தம்பி செத்தான்."

அழகண்ணன் அகப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"மறுநாள் நான்தான் ஊற்ற நின்றேன். தலைவன் ஊற்றினால் சண்டை வராது. கஞ்சி கிடையாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தும் இவர்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். அந்த விலங்குக்காரன் ஏனத்தை நீட்டினான். நான் தாண்டிப் போக வேண்டும். பின்னால் நின்ற ஆளுக்கு ஊற்ற வேண்டும். கை போகவில்லை, தம்பி."

"ஊர் கோபப்படவில்லையா?"

"பார்த்துக்கொண்டே நின்றார்கள். பிறகு தங்கள் ஏனங்களை நீட்டினார்கள். அதற்குப் பிறகு கூட்டமே போடவில்லை."

சேந்தன் அவர் கையைப் பார்த்தான். எலும்பும் நரம்புமாக இருந்தது. அவனுக்கு அந்தக் கையைத் தொட வேண்டும் போல இருந்தது. பயமாகவும் இருந்தது. தொடவில்லை.

அவர்கள் பாசறைக்குத் திரும்பியபோது விடங்கர் வெளியிலேயே நின்றிருந்தார்.

"இருக்கிறார்களா?"

உலகம்மை சேந்தனைப் பார்த்தார்.

அவன் வாயைத் திறந்தான். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு வந்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

"இருக்கிறார்கள்," என்றான். "ஆளுக்கு ஓர் அகப்பை. அவர்களுக்கும் ஓர் அகப்பை. ஊர்த்தலைவரே அடிவரை கலக்கி ஊற்றுகிறார்." நிறுத்தினான். "எனக்கும் ஊற்றினார்."



விடங்கர் கோட்டையின் பக்கம் திரும்பி நின்றார். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. துணைத்தலைவன் ஒருவன் அருகில் வந்தான்.

"ஐயா, வண்டியை விட்டால் போர் நீளும்."

"ஆமாம், நீளும்," என்றார் விடங்கர். "வண்டிகளைப் பூட்டச் சொல்."

மாடுகள் கோட்டை வாசலை நோக்கி நடந்தன.  வழியின் இருபக்கமும் நின்ற வீரர்கள், யாரும் ஆணையிடாமலே, தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். கடைசி வண்டி உள்ளே போகும்வரை ஒருவரும் திரும்பக் கட்டவில்லை.

போர் நீண்டது. மழைக்காலம் வந்து ஆறு பெருகிய பிறகே இரு அரசரும் சமாதானம் பேசினார்கள். அதற்குள் இரண்டு பக்கமும் பலர் இறந்திருந்தார்கள். பிடிபட்ட வீரர்கள் தங்கள் கால்களால் நடந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்ற செய்தியும் மலைக்கு வந்தது.

அந்தச் செய்தி வந்த அன்று சேந்தன் ஆசிரியரிடம் போனான்.

"அம்மை, படைத்தலைவர் சொன்னது நடந்துவிட்டது. அந்த வாதத்துக்குப் பதில் தேடிப் பார்த்தேன். இதுவரை கிடைக்கவில்லை."

"அந்த ஊர்க்கூட்டத்துக்கும் கிடைக்கவில்லை," என்றார் உலகம்மை.