அண்ணாச்சி சட்டைப்பை மாத்திரை

மில்லை மூடிய முதலாளி, அங்கே வேலை பார்த்த ஆவுடைத்தங்கத்தின் மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்து மூடிவிட்டார். ரத்தக்கொதிப்பை மட்டும் அவளிடமே விட்டுவிட்டார்.

மருந்துக்கடை ஞானதிரவியம் விலை சொன்னதும் அவளுக்குத் தலை சுற்றியது.

“அண்ணாச்சி, இதே மருந்து மலிவான கம்பெனியில இல்லையா?”

“அதெல்லாம் வெறும் சுண்ணாம்பு. உயிர் வேணுமா, காசு வேணுமா?” கடை முழுக்கக் கேட்கும்படி அதட்டினார்.

“உயிர்தான் வேணும். உங்களுக்கும் பிரஷராமே, நீங்க முழுங்குறது நல்ல மாத்திரைதானே?”

“பின்னே? இருக்கிறதிலேயே நல்லது!”

“அப்ப அதையே குடுங்க. உங்க வெள்ளைச் சட்டைப்பையில பளிச்சுன்னு தெரியுதே, அந்தப் பச்சை அட்டை.”

கூட்டமே எட்டிப் பார்த்தது. அவர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்து வைத்தார். டாக்டர் எழுதிய அதே மருந்து, விலையோ பத்தில் ஒரு பங்கு.

பின்னால் நின்றவர் கையை நீட்டினார்: “எனக்கும் அந்தச் சுண்ணாம்பே போதும் அண்ணாச்சி!”