எந்த எல்.சி.?

மலை உச்சித் துணைமின் நிலையத்தில் தன்னந்தனியாக வேலை பார்த்தாள் செண்பகவல்லி. நகர அலுவலகத்தார் போனில் "எல்.சி." என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். சிலருக்கு அது 'லைன் கிளியர்', கம்பியில் மின்சாரம் இல்லை. சிலருக்கு 'லைன் சார்ஜ்டு', மின்சாரம் இருக்கிறது. அந்தக் குழப்பத்தில் ஒரு வயர்மேன் மயிரிழையில் உயிர் தப்பினார்.

ஆய்வுக்கு வந்த தலைமைப் பொறியாளரிடம், "முழுசாச் சொல்லச் சொல்லுங்க சார்," என்று கேட்டாள்.

"விவரம் தெரிஞ்சவனுக்கு எல்.சி. போதும்மா," என்று அவர் சிரித்தார்.

"சரிங்க சார். இந்தக் கம்பி எல்.சி. தொட்டுப் பாருங்க."

அவர் கை தானாகப் பின்னால் போனது. "எந்த எல்.சி.?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

மறுநாளே உத்தரவு வந்தது. போனில் வந்த குரல் "லைன் கிளியர்" என்று முழுதாகச் சொல்லிவிட்டு வைத்தது. பேச்சுத்துணை இல்லாத அந்த மலையில், கூடுதலாகக் கிடைத்த ஒரு நொடிக் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது.