ஆறாவது தலைப்பாகை

முன்னொரு காலத்தில் கழிமுக நாடு என்றொரு குட்டி நாட்டை மகரபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். எவ்வளவு குட்டி என்கிறீர்கள்? இந்த எல்லையில் ஒருத்தன் தும்மினால் அந்த எல்லையில் 'நூறாயுசு' என்பார்கள். அதுவும் ஒரே துண்டாக இல்லை. நடுவில் அடுத்த நாட்டான் நிலம் புகுந்துகொண்டதால், மேற்குப் பாதியிலிருந்து கிழக்குப் பாதிக்குப் போகக் கடலில் படகேற வேண்டும். ஜனங்களில் பாதிப்பேர் ஆற்றுக்குள்ளேயே மரக்கால் நட்டு, அதன்மேல் வீடு கட்டி வாழ்ந்தார்கள். அந்த ஊருக்குப் பெயர் நீர்மேலூர்.

ஆனால் யோகத்தைப் பாருங்கள், மண்ணைக் கீறினால் கறுப்பு எண்ணெய் பொங்கியது! விளக்கெரிக்கப் பல ஊர்களிலிருந்தும் கப்பல் வந்து வாங்கிப்போனது. அதனால் குடிகளுக்கு வரி கிடையாது, வைத்தியத்துக்குக் காசு கிடையாது. வரி கொடுக்காதவனுக்கு வாய் எதற்கு என்று நினைத்தாரோ என்னவோ, ராஜாவை எதிர்த்து மட்டும் யாரும் பேசக்கூடாது.

அந்த நாட்டில் ஆறு மந்திரிகள், ஆளுக்கொரு நிறத் தலைப்பாகை. ஆறு தலைப்பாகையும் 'சம்மதம்' சொன்னால்தான் கட்டளை செல்லும். பாட்டன் காலத்து வழக்கம், மீற முடியாது. ராஜா என்ன செய்தார்? மந்திரிகளை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, படை, கஜானா, நீதி, வாணிகம், எண்ணெய் என்று ஐந்து தலைப்பாகைகளையும் தாமே எடுத்துக்கொண்டார். சபை கூடினால் ஒரே கூத்துதான். சிவப்பைக் கட்டிக்கொண்டு "படை மந்திரி சம்மதம்" என்பார். அடுத்த ஆசனத்துக்கு ஓடி, மஞ்சளைக் கட்டிக்கொண்டு "கஜானா மந்திரியும் சம்மதம்" என்பார். பாவம், மூச்சு வாங்கும்.

மிச்சமிருந்தவள் நீலத் தலைப்பாகை கட்டிய ஆற்று மந்திரி அஞ்சொலை ஒருத்திதான். நீர்மேலூரில் பிறந்தவள். அவளைக் கண்டால் சம்பங்கிராயர் என்ற சபைப் பிரமுகருக்கு வயிற்றெரிச்சல். ராயருக்கு இடுப்பைத் தொடும் குடுமி. அதில் தினமும் ஒரு சம்பங்கிப் பூ. அந்தக் குடுமியை ஆட்டிக்கொண்டுதான் ஒருநாள் ஆரம்பித்தார்.

"பிரபோ! நீர்மேலூருக்கு அடியில் எண்ணெய் கசிகிறது. வீடுகளைப் பிடுங்கிவிட்டுக் கிணறு வெட்டலாமே!"

ராஜா ஓடி ஓடி ஐந்து சம்மதமும் சொல்லி முடித்தார். அஞ்சொலை எழுந்தாள்.

"சம்மதமில்லை, மகாராஜா."

சபை அதிர்ந்தது. ராயர் துள்ளினார். "என்ன திமிர்! இனிமேல் சம்மதிக்காத மந்திரிக்கு மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்ற வேண்டும் என்று சட்டம் போடுங்கள், பிரபோ! ஐந்து தலைப்பாகை தங்களுக்கு. ஆறும் தங்களுக்கே ஆகட்டும்!"

ராஜா மறுபடி ஓடி ஓடி ஐந்து சம்மதமும் சொன்னார். அஞ்சொலையின் ஊரே போகப்போகிறதே! ஆனாலும் சிரித்தாள். "நல்ல சட்டம். இதற்கு நானும் சம்மதம், நாளைமுதல் செல்லட்டும். தலைப்பாகையும் இதோ. ஆனால் மகாராஜா, ஆறு உங்களுக்கு ஆனால், நீங்களும் ஆற்றுக்கு ஆக வேண்டும். நீலத் தலைப்பாகை கட்டியவர் நீர்மேலூரில் ஒரு வேளை சோறு உண்ண வேண்டும். அங்கே கேட்டதைத்தான் சபையில் சொல்ல வேண்டும். அது தலையில் இருக்கும்வரை அவர் ராஜா இல்லை, வெறும் மந்திரி. இதுவும் பாட்டன் காலத்து வழக்கம்தான்."

"ஒரு வேளைச் சோறுதானே!" என்று ராஜா நீலத்தைக் கட்டிக்கொண்டு அஞ்சொலையோடு படகேறினார்.

நீர்மேலூரில் தங்கபுஷ்பம் என்பவள் இலை போட்டாள். ராஜாவின் முகத்தை அவள் எங்கே கண்டாள்? தலைப்பாகையைத்தான் கண்டாள்.

"புது மந்திரியா? உக்காருங்கய்யா. முள்ளு இருக்கு, பாத்துத் தின்னுங்க. ஆமா, அந்த ராஜாவுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

ராஜாவுக்குப் புரையேறியது. "ஏய், நான் யார் தெரியுமா?"

"ஆற்று மந்திரி" என்றாள் அஞ்சொலை, தண்ணீரை நீட்டி.

"எண்ணெய் வேணும்னா அவரு மான் தோட்டத்துல தோண்டச் சொல்லுங்க. அங்கயுந்தான் கசியுது. மானெல்லாம் கறுத்த காலோட திரியுதாம்!" என்று தொடர்ந்தாள் தங்கபுஷ்பம். "இங்க ஒரு புள்ள பொறந்தா ஒரு மரக்கால் நடுவோம். இது என் மூத்தவ, அது எளையவன். அந்தா, தனியா நிக்குது பாருங்க, அது ராஜா பொறந்த அன்னைக்கு எங்க மாமனார் நட்டது. அதையும் புடுங்கத்தானே போறாரு? புடுங்கட்டும்!"

ராஜா அந்த மரக்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தாம் கேட்காமலே தமக்காக யாரோ செய்த காரியம் ஒன்று நாட்டில் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரியும். கண் கலங்கிவிட்டது. மீன் காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் சபையில் நீர்மேலூர்க் கிணற்றுப் பேச்சு மறுபடி எழுந்தது. ஐந்து ஆசனத்திலும் சம்மதம் சொன்ன ராஜா, ஆறாவதில் நீலத்தைக் கட்டிக்கொண்டு, தலைகுனிந்து சொன்னார்:

"சம்மதமில்லை."

ராயர் பழக்கதோஷத்தில் துள்ளி எழுந்தார். "மொட்டை! கொண்டு வா கழுதையை!"

நாவிதர் கத்தியோடு ஓடிவந்து, தலையைத் தேடி, ராஜாவைப் பார்த்ததும் கத்தியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அஞ்சொலை ராஜாவின் காதில் என்னவோ சொன்னாள். ராஜா குலுங்கிச் சிரித்தபடி நீலத்தை அவிழ்த்து ராயர் தலையில் வைத்தார்.

"ராயரே, நான் விலகிவிட்டேன். இந்தக் கணம் நீரே ஆற்று மந்திரி. உமக்கு மொட்டையடிக்கலாம் என்கிறேன். சம்மதமா?"

ராயர் குடுமியை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். சம்மதம் என்றால் மொட்டை. இல்லை என்றால் அவர் கேட்டு வாங்கிய சட்டப்படி மொட்டை, கழுதை வேறு!

"சம்... சம்மதம்" என்றார். சம்பங்கிப் பூவோடு குடுமி கீழே விழுந்தது.

அந்தச் சட்டமும் அன்றே ரத்தானது. கிணறு மான் தோட்டத்தில் வெட்டப்பட்டது. மான்கள் காட்டுக்கு ஓடிப் பிழைத்தன. நீலத் தலைப்பாகை அஞ்சொலைக்கே திரும்பியது. மற்ற ஐந்தையும் கட்டிக்கொள்ள, வாய்விட்டுப் பேசும் ஐந்து பேரைக் குடிகளே தேர்ந்து அனுப்பட்டும் என்று ராஜா பறையறையச் சொன்னார். முதல் ஆளாகத் தங்கபுஷ்பம் வந்து நின்றாள். ராஜாவை வெறுந்தலையோடு பார்த்து, முகத்தை அடையாளம் கண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கடிக்காதே அம்மா, அந்த நாக்குக்காகத்தான் கூப்பிட்டேன்" என்றார் ராஜா.