கீற்று போடாத மலை

வடக்கே யாத்திரை போய்வந்த அன்பர் ஒருவர் மடத்துச் சுவரில் ஓர் ஓவியத்தைக் கொண்டுவந்து மாட்டினார். பனிமலைகளாம். முக்கோணம் முக்கோணமாக, உச்சி முதல் அடிவரை ஒரே வெள்ளை. மேலே கருநீல வானம்.

பனியைக் கண்ணால் பார்த்தவர் அங்கே அவர் ஒருவர்தான். அதனால் விளக்கம் சொல்ல மற்ற யாருக்கும் தயக்கமே இல்லை. "பற்றற்ற மனம்" என்றார் ஒரு சீடர். "பிரம்மம்" என்றார் இன்னொருவர்.

குரு அமிர்தவல்லி அம்மை கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே வைரக்கண்ணு இருந்தார். வேதாரண்யத்து உப்பளத்தில் காலமெல்லாம் உழைத்து, நரைத்த பிறகு மடத்தில் சேர்ந்தவர். குருவைவிட மூத்தவர்.

அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பெண் பிறந்திருக்கிறது என்று முந்தின நாள்தான் ஊர்க்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்போதிருந்து வைரக்கண்ணுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனவருக்கு மடத்தில் மறுபடி இடமில்லை என்று சீடர்கள் பேசிக்கொள்வார்கள். மடத்தையும் விட அவருக்கு மனமில்லை. செய்தியை மறைத்தே வைத்திருந்தார்.

"உங்களுக்கு என்ன தெரியுதுங்க?" என்றார் குரு.

"உப்புங்கம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். குரு, "சொல்லுங்க" என்றார்.

"குமிச்சுப் போட்டுருக்கு. வானம் கறுத்துக் கெடக்கு, இன்னும் தென்னங்கீத்து போட்டு மூடல. ஒரு மழ பேஞ்சா அத்தனையும் கரஞ்சிரும்."

"யாரு மூடணும்?"

"மருமவன்தான். அவரு எங்க மூடப்போறாரு, புள்ள பொறந்த வூட்டுல..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரிப்பு நின்றது.

"என்ன புள்ள?"

"பொண்ணுங்கம்மா." சொல்லும்போதே முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. மறைக்க முடியவில்லை.

குரு ஓவியத்தின் அருகே போய் நின்று பார்த்தார். "ஆமா, உப்புதான்" என்றார். பிறகு அடுக்களைக்குள் போய் ஒரு காலித் துணிப்பையோடு வந்து அதை வைரக்கண்ணுவின் கையில் கொடுத்தார்.

வைரக்கண்ணு பையை விரித்துப் பார்த்தார். சீடர்கள் சொன்னது சரிதான் என்று நினைத்தார்.

"என் துணிமணியெல்லாம் இதுல எடுத்து வச்சுக்கணுங்களா?"

"அதெல்லாம் இங்கயே இருக்கட்டும். வரும்போது இது நெறைய உப்பு கொண்டாங்க. நேத்து சாம்பார் சப்புன்னு இருந்துச்சு."