மூடாத வளைகளும் மூச்சுவாங்கிய லேப்டாப்பும்

குன்றிமலைக் காட்டில் மூக்காயி என்றொரு யானை இருந்தாள். ஒரு கூட்டத்துக்கே தலைவி. அந்தக் கோடையில் அவளுக்கு இருந்த கவலை ஒன்றுதான். அவள் குட்டி இன்னும் பால்குடி மறக்கவில்லை. தாய்க்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் குட்டிக்குப் பால் இல்லை.

ஓடை வற்றிவிட்டது. மிச்சம் இருந்தவை இரண்டு இடங்கள். கிழக்கே வெள்ளிமடு, மேற்கே கரடிச்சுனை. இரண்டுமே தூரம். ஒன்றுக்குப் போய் அங்கே தண்ணீர் இல்லையென்றால், திரும்பி வந்து மற்றதற்கு நடக்கக் குட்டிக்குத் தெம்பு இருக்காது.

எங்கே தண்ணீர் இருக்கிறது என்று சொல்ல அந்தக் காட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. சிரிக்காதீர்கள்! ஆராய்ச்சிக்கு வந்த மனிதர்கள் ஒரு பெருமழையில் போட்டது போட்டபடி ஓடியபோது விட்டுப்போனது அது. பாறைமேல் வெயிலில் மின்சாரம் பிடிக்கும் பலகை இருந்தது. நீர்நிலைகளின் ஓரத்து மரங்களில் கேமராக்கள் இருந்தன. அவை எடுக்கும் படங்கள் குகைக்குள் இருந்த லேப்டாப்புக்கு வந்து சேரும்.

ஒரு காலத்தில் கேட்டவுடன் காட்டியது. இப்போது அதற்கு வயதாகிவிட்டது. படத்தைக் கேட்டால் திரையில் ஒரு வட்டம் சுற்றும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

அன்று காலையிலும் வட்டம்தான் சுற்றியது. மூக்காயி பொறுமை இழந்து காலால் தரையை உதைத்தாள். நெளியன் என்ற நரி மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

"இந்தக் கிழட்டுப் பெட்டியைப் பள்ளத்துல தள்ளுங்க அக்கா! கரடிச்சுனையில தண்ணி தளும்புது. நான் வழி காட்டுறேன்!"

"நீ பார்த்தியா?"

"நேத்துதான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்! இனிமே யாரு எங்க போகணும்னாலும் என்னைக் கேட்டாப் போதும். பெட்டி எதுக்கு?"

நரி கரடிச்சுனைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. காடே தன் வாயைப் பார்த்து நிற்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. லேப்டாப் இருக்கும்வரை அது நடக்காதே!

மூக்காயி லேப்டாப்பைத் தும்பிக்கையால் தூக்கினாள். பள்ளம் பக்கத்தில்தான் இருந்தது.

"கொஞ்சம் நில்லுங்க!" என்று ஒரு குரல் வந்தது.

செங்கொண்டை என்ற மரங்கொத்தி. இவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். மற்ற மரங்கொத்திகள் மரத்தைக் கண்டதும் கொத்தும். இவள் கொத்த மாட்டாள். சுற்றிச் சுற்றி வருவாள். இங்கே தட்டுவாள், அங்கே காது வைப்பாள். புழு இருக்கும் இடம் தெரிந்த பிறகுதான் அலகை ஓங்குவாள். ஓயாமல் கேள்வி கேட்பதால் பலருக்கு இவளைக் கண்டாலே எரிச்சல். எனக்கு இவளை ரொம்பப் பிடிக்கும்.

"தள்ளுறதுன்னா எப்ப வேணாலும் தள்ளலாம் அக்கா. என்ன நோவுன்னு ஒரு தடவை பார்த்துடுறேனே?"

"வயசுதான் நோவு! இதுல பார்க்க என்ன இருக்கு?" என்றான் நரி.

செங்கொண்டை அவனைக் கண்டுகொள்ளவில்லை. லேப்டாப்பைக் காவல் காக்கும் அணில் பட்டுவிடம் திரும்பினாள்.

"எப்ப இருந்து இப்படி? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"சத்தம் வருதா?"

"கரடி மலையேறி வந்த மாதிரி மூச்சு வாங்குது! அடியில தொட்டா சுடுது!"

"எதுமேல வச்சிருந்தே?"

பட்டு பெருமையாக வாலை ஆட்டினாள். "வயசானது பாருங்க, உடம்பு நோகக் கூடாதுன்னு சருகும் பஞ்சும் போட்டு மெத்தை கட்டியிருக்கேன்!"

அன்புதான், யார் இல்லை என்றது? ஆனால் லேப்டாப் மூச்சுவிடும் துளைகள் அடியிலும் ஓரத்திலும் இருந்தன. மெத்தை அவற்றை இறுக்கி அடைத்திருந்தது. செங்கொண்டை மெத்தையை இழுத்துப் போட்டாள். வெறும் பாறையில் தட்டைக் கற்களை வைத்து, தும்பிக்கையில் இருந்த லேப்டாப்பை அவற்றின்மேல் இறக்கி வைக்கும்படி மூக்காயியிடம் சொன்னாள்.

"சூடு குறையும். ஆனா இது மட்டும் காரணம் இல்லை," என்றாள். பிறகு திரையைப் பார்த்தாள். அசந்து போனாள்.

ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை கட்டங்கள் திறந்து கிடந்தன! காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் திறந்த வளையை இன்னொருவர் மூடக் கூடாது. உள்ளே குஞ்சு குட்டி இருந்தால் என்ன ஆகும்? அது பெரும் பாவம். திரையில் திறக்கும் கட்டங்களையும் அவர்கள் வளை என்றே நினைத்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் ஒரு வளையைத் திறந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். லேப்டாப்பை அணைத்தால் எல்லாருடைய வளையும் மூடிவிடுமாம். அதனால் அதை யாருமே அணைத்ததில்லை.

"அடப் பாவமே! இத்தனை பேரையும் முதுகுல சுமந்துக்கிட்டா நீ ஓடுறே?" என்றாள் செங்கொண்டை.

வழக்கத்தை அவள் கேலி செய்யவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்த குணம். பாறை உச்சிக்குப் பறந்து, "அவங்கவங்க வளையை அவங்கவங்களே வந்து மூடுங்க!" என்று கூவினாள்.

முள்ளம்பன்றி வந்து மூடினான். மான்கள் வந்து மூடின. கரடி தேன் படம் ஒன்றை ஆசையாகப் பார்த்துவிட்டு மூடினார். ஒயிலன் என்ற மயில் மட்டும் தயங்கி நின்றான். லேப்டாப்பின் வயிறு முழுக்க அவன் தோகை விரித்த படங்கள்! வேறு எதற்கும் அதில் இடமே இல்லை.

"எல்லாமே அழகா இருக்கே! எதை அழிக்கிறது?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கே! எதை வச்சுக்கிறது?" என்றாள் செங்கொண்டை.

காடே சிரித்தது. மயிலின் முகம் தொங்கிப் போனது. ஆனாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அழித்தான். பாராட்டத்தான் வேண்டும்.

வெயில் ஏறியது. குட்டி யானை கால் மடங்கிப் படுத்துவிட்டது.

"பார்த்தீங்களா அக்கா! இந்தப் பறவை பேச்சைக் கேட்டுக் குட்டியைப் பறிகொடுக்கப் போறீங்க! கிளம்புங்க!" என்று நரி குதித்தான்.

மூக்காயி குட்டியைப் பார்த்தாள். மேற்கே பார்த்தாள். செங்கொண்டையைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு வளைதான் அக்கா. இது யாரோடது?"

பட்டுதான் மெல்லச் சொன்னாள்.

"ஆமைத் தாத்தாவோடது. தை மாசம் போய்ச் சேர்ந்துட்டாரே, அவரோடது."

அந்த வளையில் வானம் தெரிந்தது. மேகம் வருகிறதா என்று அது ஓயாமல் தேடிக்கொண்டே இருந்தது. திறந்தவர் இல்லை, தேடல் மட்டும் நிற்கவில்லை. லேப்டாப்பை அதிகம் களைக்க வைத்தது அதுதான். ஆனால் இறந்தவர் வளையை மழைதான் வந்து மூட வேண்டும். அதுவும் காட்டு வழக்கம்.

செங்கொண்டை அலகைத் தாழ்த்திக்கொண்டாள். "இதுல கை வைக்க எனக்கு உரிமை இல்லை," என்றாள்.

மூக்காயி குகை வாசலில் மண்டியிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவர் எதுக்காக இதைத் திறந்தார்? நமக்கு மழை வருமான்னு பார்க்கத்தானே! அவர் இருந்திருந்தா, என் குட்டி தாகத்துல கிடக்க இதைத் திறந்து வச்சிருப்பாரா?"

தும்பிக்கை நுனியால் அந்த வளையை அவளே மூடினாள். காடே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

"இனி அணைக்கணும். அணைச்சாத்தான் உள்ளே சுத்தம் பண்ண முடியும்," என்றாள் செங்கொண்டை.

"திரும்ப எழலைன்னா?" என்று கேட்டாள் மூக்காயி.

"எழுமான்னு எனக்குத் தெரியாது அக்கா. ஆனா இப்படியே விட்டா சாகும். அது மட்டும் தெரியும்."

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! மூக்காயி தலையசைத்தாள்.

திரை இருண்டது. செங்கொண்டை தன் நீண்ட நாக்கைக் காற்றுத் துளைக்குள் விட்டாள். பஞ்சு வந்தது, கரடி முடி வந்தது. புளியங்கொட்டைகூட வந்தது! பட்டு முகத்தை வாலால் மூடிக்கொண்டாள். ஒளித்து வைத்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. எல்லாம் வெளியே வந்தபின் நாக்கால் தட்டிப் பார்த்தாள்; உள்ளே இருந்த குட்டி விசிறி தடையில்லாமல் சுற்றியது.

"இப்ப அமுக்கு!"

பட்டு அமுக்கினாள். திரை இருட்டாகவே இருந்தது. நரி இளித்தான். அப்போது ஒரு வெளிச்சம் வந்தது! இரைச்சல் இல்லை, வட்டமும் சுற்றவில்லை. கேட்ட மாத்திரத்தில் கரடிச்சுனை திரையில் வந்து நின்றது.

ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடித்துப் பிளந்த சேறுதான் தெரிந்தது.

அடுத்து வெள்ளிமடு வந்தது. தண்ணீர் மின்னியது! கரையில் ஒரு கொக்கு நிதானமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தது.

"நேத்து உன் ரெண்டு கண்ணால எதைப் பார்த்தே நெளியா?" என்றாள் மூக்காயி.

நரி மெல்லப் பின்வாங்கினான். கூட்டம் வழிவிட்டது. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அதன்பின் அந்தக் காட்டில் அவன் காட்டிய வழியில் ஓர் எறும்புகூடப் போனதில்லை.

யானைகள் குட்டியைத் தும்பிக்கையால் தூக்கி நிறுத்தின. நடுவில் விட்டு, தங்கள் நிழலிலேயே கிழக்கே நடத்திப் போயின.

மறுநாள் காலை காடே குகை வாசலில் கூடியது. பட்டு வெள்ளிமடுவைத் திறந்தாள். அவள் உட்காரும் முன்பே படம் வந்துவிட்டது. குட்டி யானை தண்ணீருக்குள் மல்லாந்து கிடந்தது! நாலு காலும் மேலே! மூக்காயி அதன் வயிற்றில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள். கரடி தேம்பித் தேம்பி அழுதார். மான்கள் துள்ளின.

செங்கொண்டை மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "அந்த ஓரத்துல தண்ணி ஏன் கலங்கலா இருக்கு?" என்று கேட்டாள். இப்போது யாருக்கும் எரிச்சல் வரவில்லை. எல்லாரும் அந்த ஓரத்தை உற்றுப் பார்த்தார்கள்.

குழந்தைகளே, களைத்துப் போன ஒன்றை உதவாது என்று தூக்கி எறியும் முன், அதன் முதுகில் நாமே ஏற்றி வைத்த சுமை என்ன என்று பொறுமையாகத் தேடிப் பார்த்து இறக்கிவிட வேண்டும்.